இரண்டு மில்லி ரத்தம்

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் டைஃபாய்டு வராத வீடே இல்லை. வீட்டுக்காரர்களைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். "போன வருஷம் பெரியவனுக்கு, ஆடியில எனக்கு, இப்ப சின்னவளுக்கு லைட்டா இருக்குன்னு சொல்லியிருக்காங்க" என்று வரிசையாக வரும். கூடவே இட்லி, ரசம் சாதம், ரொட்டி என்று பத்தியக் கணக்கும் வரும். பல வருடம் மைக்ரோபயாலஜி லேபில் டெக்னீஷியனாக இருந்தவன் என்ற முறையில் அந்த 'லைட்டா' எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். மருத்துவர் வாயிலிருந்தோ நோயாளியின் உடம்பிலிருந்தோ அல்ல, நாங்கள் அடித்துக் கொடுத்த விடால் ரிப்போர்ட்டிலிருந்து.

விடால் சோதனைக்கு வயது நூற்றைத் தாண்டிவிட்டது. பாரிஸில் ஃபெர்னான் விடால் அதை விவரித்தது 1896இல். செய்வது மிகச் சுலபம். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு சொட்டு, அதோடு நீலச்சாயம் ஏற்றிய 'ஓ' ஆன்டிஜென் ஒரு சொட்டு. பக்கத்து வட்டத்தில் சிவப்புச்சாயம் ஏற்றிய 'ஹெச்'. கண்ணாடிச் சில்லை ஒரு நிமிடம் ஆட்டினால் போதும். ரவை ரவையாகத் திரிந்தால் பாசிட்டிவ். எத்தனை மடங்கு நீர்த்த சீரம் வரை திரிகிறதோ அதுதான் டைட்டர். ஒன்றுக்கு எண்பது, ஒன்றுக்கு நூற்றறுபது என்று எழுதுவோம். எண்பது என்றால் 'லைட்டா', முந்நூற்றிருபது என்றால் 'ஜாஸ்தி' என்று தெரு அதை மொழிபெயர்த்துக்கொண்டது.

இந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. டைஃபாய்டு கிருமியோ அதன் உறவுக்காரக் கிருமிகளோ வருஷம் முழுக்க உலவும் ஊரில், நல்ல ஆரோக்கியமாக நடமாடுகிறவர் ரத்தத்திலும் ஓரளவு எதிர்ப்பொருள் இருக்கும். போதாதற்கு, டெங்குவோ மலேரியாவோ வந்து உடம்பு கிளர்ந்தெழும்போது பழைய எதிர்ப்பொருளும் சேர்ந்து ஏறும். காய்ச்சல் வந்த முதல் நாட்களில் உண்மையான டைஃபாய்டு நோயாளிக்கே விடால் நெகட்டிவாக இருக்கும். ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, டைட்டர் நான்கு மடங்காக ஏறுகிறதா என்று பார்த்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. என் அனுபவத்தில் இரண்டாவது முறை ரத்தம் கொடுக்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும், அல்லது டாக்டரை மாற்றியிருப்பார்கள்.

ஆக, மாவட்டத்தில் எத்தனை டைஃபாய்டு என்று விடாலை வைத்து எண்ணினால், வராத காய்ச்சலெல்லாம் கணக்கில் ஏறும், வந்தது விட்டுப்போகும். உண்மையான கணக்கு வேண்டுமென்றால் கிருமியையே பிடிக்க வேண்டும். அதற்கு ப்ளட் கல்ச்சர்தான் வழி. நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்: ஓர் ஊரில் டைஃபாய்டு எவ்வளவு என்ற எண், கடைசியில், ஒரு நர்ஸ் ஒரு குழந்தையின் கையிலிருந்து எத்தனை மில்லி ரத்தம் எடுத்தார் என்பதில் போய் நிற்கிறது.

சால்மோனெல்லா டைஃபி ரத்தத்தில் கும்பலாகத் திரிவதில்லை. ஒரு மில்லி ரத்தத்தில் சுமாராக ஒரு கிருமி, பல நேரம் அதைவிடவும் குறைவு. அதிலும் பாதிக்கு மேல் வெள்ளணுக்களுக்குள் பதுங்கியிருக்கும். பெரியவரிடம் பத்து மில்லி எடுத்தால் ஏதோ ஒன்றிரண்டு பாட்டிலுக்குள் வந்து விழும். குழந்தையிடம் இரண்டு மில்லி எடுத்தால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எலும்பு மஜ்ஜையில் கல்ச்சர் போட்டால் இன்னும் நன்றாகப் பிடிபடும், ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கு யார் இடுப்பெலும்பில் ஊசி குத்தச் சம்மதிப்பார்கள்? முறையாகச் செய்த ரத்தக் கல்ச்சரே பத்து டைஃபாய்டில் ஆறு அளவுக்குத்தான் பிடிக்கும். முறை தவறினால் அதுவும் இல்லை.

முறை தவறுவது எப்படி என்று பார்த்திருக்கிறேன். காய்ச்சலோடு குழந்தை வரும். அம்மா மடியில் இறுக்கிப் பிடித்திருப்பாள். பட்டர்ஃபிளை ஊசி நரம்பில் ஏறியதும் சிஸ்டர் முதலில் அணு எண்ணிக்கைக்கான டியூபை நிரப்புவார், அடுத்து விடாலுக்கு, அடுத்து வேறு எதற்காவது. அதற்குள் குழந்தை வீல் என்று கத்திக் கையை உதறும். மிச்சமாகச் சிரிஞ்சில் நிற்கும் அரை மில்லிதான் கல்ச்சர் பாட்டிலுக்குக் கிடைக்கும். கல்ச்சருக்குத்தான் முதலில் ஊற்ற வேண்டும். மற்றச் சோதனைகளுக்குச் சொட்டு ரத்தம் போதும். இதைச் சொல்லிச் சொல்லி நான் சிஸ்டர்களிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். இன்னொரு தொல்லை, ரத்தம் கொடுக்க வருமுன்பே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொண்ட இரண்டு வேளை ஆன்டிபயாடிக். காய்ச்சலைக் குறைக்க அது போதாது, கல்ச்சரைக் கெடுக்க அது தாராளம்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பித்தக் குழம்புப் பாட்டில்கள்தான். மாட்டுப் பித்தம் கலந்த வளர்ப்பூடகம் அது. பித்தம் ரத்த அணுக்களைக் கரைத்து உள்ளே பதுங்கிய கிருமியை வெளியே விடும், ரத்தத்தின் கிருமிக்கொல்லிக் குணத்தையும் மட்டுப்படுத்தும். பெரும்பாலான கிருமிகளுக்குப் பித்தம் ஆகாது. டைஃபிக்கு அது விருந்து. மனிதனின் பித்தப்பையில் அது வருஷக்கணக்கில் குடியிருக்க முடிவதற்கும் அதே குணம்தான் காரணம். இப்போது எந்திரம் வந்துவிட்டது. பாட்டிலின் அடியில் ஒரு சாம்பல் பச்சை வட்டம். உள்ளே ஏதாவது வளர்ந்தால் அது மஞ்சளாகும், எந்திரம் கத்தும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளிலேயே கத்திவிடும்.

கத்திய பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கிராம் சாயம் போட்டால் இளஞ்சிவப்புக் குச்சிகள். மெக்காங்கி தட்டில் தேய்த்து மறுநாள் பார்த்தால் நிறமற்ற, கண்ணாடி போன்ற புள்ளிகள். மூன்று சர்க்கரை ஊடகச் சாய்வுக் குழாயில் குத்தினால் மேலே சிவப்பு, அடியில் மஞ்சள், இரண்டும் சேருமிடத்தில் மெலிசாக ஒரு கறுப்புக் கோடு. அதை நாங்கள் மீசை என்போம். வாயு கிளம்பாது. அதன் உறவுக்காரர்கள் பலரும் வாயு விட்டு ஊடகத்தையே பிளந்துவிடுவார்கள். டைஃபி அப்படிச் செய்யாது. கடைசியில் கண்ணாடிச் சில்லில் ஆன்டிசீரம். இங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் தடுமாறுவார்கள். 'ஓ9' சீரத்தில் திரியவே திரியாது. கிருமி மேலே 'விஐ' என்ற உறையைப் போர்த்திக்கொண்டிருப்பதுதான் காரணம். கலவையைக் கொதிநீரில் வைத்து எடுத்தால் உறை கழன்றுவிடும், பிறகு பளிச்சென்று திரியும். அந்தத் திரிதலைப் பார்த்த பிறகுதான் 'டைஃபி' என்று ரெஜிஸ்டரில் எழுதுவேன். எழுதும்போது ஒரு திருப்தி இருக்கும். நோயாளிக்கு நல்ல செய்தியில்லை என்றாலும், அன்று அந்த மாவட்டத்தில் நிச்சயமாகத் தெரிந்த உண்மை அது ஒன்றுதான்.

இந்த வேலையை லட்சம் பேர் கணக்கில் ஒழுங்காகச் செய்து பார்த்தால் என்ன எண் வரும் என்று எங்களுக்கெல்லாம் ஆவல் இருந்தது. 2017 முதல் 2020 வரை நடந்த இந்திய டைஃபாய்டு கண்காணிப்பு ஆய்வில் அதைச் செய்தார்கள். வேலூர் சி.எம்.சி. அதை ஒருங்கிணைத்தது. நான் அதில் இல்லை, தூரத்திலிருந்து பொறாமையோடு பார்த்தவன். டெல்லி, கொல்கத்தா, வேலூர், புணே அருகே ஒரு கிராமப்பகுதி என நான்கு இடங்களில் 24,000க்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சல் என்றால் ரத்தக் கல்ச்சர். முடிவு 2023இல் வந்தது. நகரப் பகுதிகளில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு வருடத்துக்கு 576 முதல் 1,173 வரை கல்ச்சரில் உறுதியான டைஃபாய்டு. புணே கிராமத்தில் 35.

இந்த எண்ணை இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். நூறு குழந்தைகளில் ஒரு குழந்தை என்றால், தெரு பேசுகிற 'வருஷா வருஷம் வரும்' என்பதோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். அதே சமயம் கல்ச்சர் விட்டுவிடும் பத்தில் நான்கையும் சேர்த்தால், இந்த நோய் ஒழிந்துகொண்டிருக்கிறது என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் வாயை அடைக்கிற எண். நகரத்துக்கும் அந்தக் கிராமத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, இது நெருக்கத்தின் நோய் என்பது. டைஃபிக்கு மனிதனை விட்டால் வேறு வீடு கிடையாது. கோழியில் இல்லை, மாட்டில் இல்லை. ஒருவன் மலத்திலிருந்து கிளம்பி இன்னொருவன் வாய்க்குப் போயாக வேண்டும். வீடுகள் நெருங்க நெருங்க, கழிவுநீரும் குடிநீரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட ஓட, அந்தத் தூரம் குறைகிறது.

அது எப்படிப் போகிறது என்று தெருவில் இறங்கித் தேடுவது லேப் வேலையைவிடச் சிரமம். ஒரு மழைக்காலத்தில் கல்ச்சர் சீட்டுகளின் முகவரிக் கட்டத்தில் ஒரே தெருவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. நகராட்சி சானிட்டரி இன்ஸ்பெக்டரோடு நானும் போனேன். பீடி சுற்றும் வீடுகள் நிறைந்த, சரிவான தெரு. கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வர சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்துக்கு முன் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? பண்டிகைதான் துணை. "மூணாவது வெள்ளி மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தினாங்களே, அதுக்கு முன்னாடியா பின்னாடியாம்மா?" என்று கேட்டால் உடனே பதில் வரும்.

தெருவே ஒருமுகமாகக் கைகாட்டியது முனையில் நின்ற பானிபூரி வண்டியை. நோய்வந்த பிள்ளைகள் எல்லாரும் அங்கே சாப்பிட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பத் தயார். நோய்வராத பிள்ளைகளையும் கேட்போம் என்றேன். கேட்டதில் அவர்களும் எல்லாரும் அங்கேதான் சாப்பிட்டிருந்தார்கள். நோயாளியை மட்டும் விசாரித்தால் எந்தத் தெருவிலும் ஒரு பானிபூரி வண்டி குற்றவாளியாகும். வண்டிக்காரர் சுத்தமானவர் என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம் அங்கே இல்லை என்கிறேன்.

வித்தியாசம் சரிவில் இருந்தது. காய்ச்சல் வந்த வீடுகள் பெரும்பாலும் தெருவின் தாழ்ந்த முனையில். அங்கே வீட்டு இணைப்புக் குழாய்கள் சாக்கடைக்குள் இறங்கி ஏறிப் போயின. தண்ணீர் தினமும் வருவதில்லை. வராத நாட்களில் குழாய் காலியாகக் கிடக்கும். எங்காவது சின்ன ஓட்டை இருந்தால் சாக்கடை நீர் உள்ளே கசியும். வரும் நாளில் சிலர் மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி இழுப்பார்கள், அந்த உறிஞ்சலில் இன்னும் கொஞ்சம் வரும். குளோரோஸ்கோப்பில் மேல்நிலைத் தொட்டியடியில் எடுத்த தண்ணீர் நல்ல மஞ்சளாக நின்றது. கடைசி வீட்டுக் குழாயில் நிறமே ஏறவில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கடைசி வீட்டு அம்மா என்னை மடக்கினார். "கொழாத் தண்ணிய நாங்க குடிக்கிறதே இல்ல தம்பி. கேன் தண்ணிதான். இதுல பாத்திரம் தேய்ப்போம், துணி தொவைப்போம், அவ்ளோதான்." அம்மிக்குப் பக்கத்தில் காலை மிச்சம் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மூடியிருந்தன. சட்னி அரைக்க எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "அதுக்கு யாராவது கேன் தண்ணி ஊத்துவாங்களா?" என்று சிரித்தார். இட்லி ஆவியில் வெந்தது, அதில் எதுவும் பிழைக்காது. சட்னி பச்சை. மேலே ஊற்றும் தாளிப்பு மணத்துக்குத்தான், அந்தச் சூட்டில் அடியில் இருக்கும் ஒரு கரண்டித் தண்ணீர்கூடக் கொதிக்காது. தண்ணீரில் வரும் நோயா, உணவில் வரும் நோயா என்று பரீட்சையில் கேட்பார்கள். அந்தச் சட்னிக் கிண்ணத்தை எந்தப் பக்கம் எழுதுவது?

நிரூபித்தோமா என்றால், இல்லை. காய்ச்சல் வந்து, கல்ச்சர் வந்து, நாங்கள் போய்ச் சேருமுன் கிருமி வந்த தண்ணீர் எப்போதோ போய்விட்டது. குடிநீரில் டைஃபியைப் பிடிப்பது அரிது. சாக்கடையில் தேடுவது மேல் என்று 1940களிலேயே இங்கிலாந்தில் மூர் என்பவர் கண்டுபிடித்தார். பஞ்சுத்துணியைச் சுருட்டி நூலில் கட்டிச் சாக்கடையில் தொங்கவிட்டு, சில நாள் கழித்து எடுத்துச் சோதிப்பது. ஓடை ஓடையாகப் பின்னோக்கிப் போனால் கிருமியை வெளியேற்றும் வீடே தெரிந்துவிடும். வேலூரின் சாக்கடைகளிலும் ஆய்வாளர்கள் அதே துணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எங்களிடம் அன்று அந்த வசதி இல்லை. இணைப்புக் குழாய்களைச் சாக்கடைக்கு மேலே தூக்கிப் போடச் செய்தார் இன்ஸ்பெக்டர். பிறகு சீட்டுகளில் அந்தத் தெருவின் பெயர் குறைந்தது. மழையும் அப்போது ஓய்ந்திருந்தது, ஆகவே பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன்.

இதைச் சொன்னால் பலரும் 'டைஃபாய்டு மேரி' கதைக்குப் போய்விடுவார்கள். நியூயார்க் சமையற்காரி மேரி மாலனுக்குத் தன் உடம்பில் நோயே இல்லை, ஆனால் வேலை பார்த்த பல வீடுகளில் டைஃபாய்டு வந்தது. 1907இல் அவரைப் பிடித்தார்கள், 1910இல் விட்டார்கள், 1915இல் மறுபடி பிடித்தார்கள், 1938இல் சாகும்வரை ஒரு தீவிலேயே வைத்திருந்தார்கள். சுவையான கதை, ஆனால் ஒரு கெடுதலும் செய்தது: டைஃபாய்டு என்றால் எங்கோ ஒரு சமையற்காரியைத் தேட வேண்டும் என்ற எண்ணம். நோய் வந்து தேறியவர்களில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேர் இப்படிச் சுமப்பவர்களாகிறார்கள் என்பது உண்மை. பித்தக்கல் இருப்பவர்களும் பெண்களும் அதிகம். அமெரிக்க நகரங்களில் டைஃபாய்டு சரிந்ததோ தண்ணீரை வடிகட்டி, 1908இல் ஜெர்சி சிட்டியில் தொடங்கி, குளோரின் போட்டதால்தான். மேரியைப் பூட்டி வைத்ததால் அல்ல. சிலியின் சாந்தியாகோவில் 1980களிலும் டைஃபாய்டு குறையவில்லை, அத்தனைக்கும் அங்கே குழாய்த் தண்ணீர் சுத்தம். நகரக் கழிவுநீரைப் பாய்ச்சி வளர்த்த கீரை, காய்கறிகளைப் பச்சையாகத் தின்றதுதான் வழி. 1991இல் காலரா வந்துவிடுமோ என்ற பயத்தில் அந்தப் பாசனத்தைத் தடுத்தார்கள். டைஃபாய்டு மளமளவென்று இறங்கியது.

நம் ஊரில் ஓட்டல் ஊழியர்களுக்கு வருடாந்திர மருத்துவச் சான்றிதழ் உண்டு. அதற்கு விடால் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். சுமப்பவரை விடால் காட்டிக்கொடுக்காது. மலக் கல்ச்சர் வேண்டும், அதுவும் பல தடவை, ஏனென்றால் கிருமி விட்டு விட்டுத்தான் வெளியேறும். அதற்கு எந்த முதலாளியும் பணம் கொடுப்பதில்லை. ஊழியர் கையெழுத்து வாங்கிக்கொண்டு பரோட்டா மாவு பிசையப் போய்விடுவார்.

மருந்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளோராம்ஃபெனிகால் டைஃபாய்டுக்குக் கேட்கும் என்று 1948இல் கோலாலம்பூரில் காட்டினார்கள். 1972இல் கோழிக்கோட்டில் அதற்கு மசியாத டைஃபி பரவியது. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. நான் பணியில் இருந்த காலத்திலேயே அது கேட்காமல் போனதை என் கையால் ரிப்போர்ட்டில் எழுதினேன். இப்போது செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசினும். வேடிக்கை என்னவென்றால், கைவிட்ட குளோராம்ஃபெனிகாலுக்கு இன்று பெரும்பாலான கிருமிகள் மறுபடியும் மசிகின்றன. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 2016இல் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைஃபி கிளம்பியது. அதை எதிர்கொள்ள 2019இல் அங்கே குழந்தைகளுக்குப் போட்ட இணைவுத் தடுப்பூசி தயாரானது நம் ஹைதராபாத்தில்.

ஒரே ஊசி, ஆறு மாதக் குழந்தைக்கும் போடலாம், பல வருடம் காக்கிறது. நவி மும்பை மாநகராட்சி 2018இல் முதலில் போட்டது. தேசியத் திட்டத்தில் சேர்க்கலாம் என்று 2022இல் நிபுணர் குழு பரிந்துரைத்தது. தனியார் கிளினிக்குகளில் வசதியுள்ளவர்கள் ஏற்கனவே போடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு கவலை உண்டு, பணியின் கடைசிக் காலத்தில் லேப் ஜன்னலிலேயே அது தொடங்கிவிட்டது. ஓர் அம்மா ஊசி அட்டையையும் விடால் காகிதத்தையும் சேர்த்து நீட்டினார். "இவ்ளோ காசு குடுத்து ஊசி போட்டோம். இப்ப பாருங்க, டைஃபாய்டுன்னு வந்திருக்கு. அப்ப ஊசி வேஸ்ட்டா சார்?" அந்த ஊசி 'விஐ' உறைக்கு எதிரானது, விடால் பார்ப்பது 'ஓ'வையும் 'ஹெச்'சையும், ஒன்று மற்றதைப் பற்றி எதுவும் சொல்லாது. ஜன்னலில் நின்று அதை விளக்க முடியவில்லை. டாக்டரிடம் சொல்லிக் கல்ச்சர் எழுத வைத்தேன். சிஸ்டர் பக்கத்தில் நின்று, முதலில் பாட்டில், பிறகுதான் டியூப் என்று பார்த்துக்கொண்டேன். ஐந்து நாளும் பாட்டில் மஞ்சளாகவில்லை. முதல் நாளே அதே ரத்தத்தில் பார்த்த டெங்கு சோதனை பாசிட்டிவ். தட்டணு இறங்கிக்கொண்டிருந்ததால் குழந்தையை வார்டில் சேர்த்தார்கள். அவர்கள் தெருவில் மட்டும், ஊசி போட்டும் டைஃபாய்டு வந்த பிள்ளை என்றுதான் அவளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.